காணாமல் போன டிஸ்க்கும் போனில் வந்த மனைவியும்

திரையின் நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

விண்டோஸை எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கும். கேட்டுவிட்டு, உள்ளே இருக்கிற டிஸ்க்குகளின் பெயரை அந்தக் கட்டத்தில் வரிசையாகக் காட்டும். ஒன்றைத் தொட்டு, அடுத்த பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அரைத் தூக்கத்தில்கூட நான் செய்திருக்கிற வேலை. அன்றைக்கு அந்தக் கட்டம், முகூர்த்தம் இல்லாத மாதத்துக் கல்யாண மண்டபம் மாதிரி காலியாகக் கிடந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: டிரைவ் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கண்ணில் படவில்லையா? சற்று முன்புதான் புத்தம் புதிய டிஸ்க்கை உறை பிரித்து என் கையால் மாட்டியிருந்தேன். அதன் மேல் என் வியர்வைகூட இன்னும் காயவில்லை.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. பின்னால் நின்றவை எல்லாம், நாய் குரைத்தால் தெருவே குரைக்குமே அப்படி, சேர்ந்துகொண்டன.

"என்னா குணா, ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டார் சலீம் பாய்.

"வந்துக்கிட்டே இருக்கு பாய்," என்றேன்.

எது வந்துகொண்டிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியர்வை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

போன இடத்துக்கே மறுபடி

சலீம் பாய் ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் எடைமேடை வைத்திருப்பவர். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை கம்ப்யூட்டருக்கு வரும், பாய் ஒரு பட்டனைத் தட்டினால் சீட்டு அச்சாகி வெளியே வரும். மாங்காய், தக்காளி, முட்டைக்கோஸ், இரும்புக் கழிவு, கருங்கல் என்று கர்நாடக எல்லை தாண்டிப் போகிற வண்டிகள் எல்லாம் அந்தச் சீட்டுக்காக அவர் வாசலில் நின்றாக வேண்டும். கம்ப்யூட்டர் நின்றால் எடைமேடை வெறும் இரும்புப் பலகை.

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு மத்திகிரியில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைப் பற்றித் தெரியும். தேவைக்கு மேலேயே பீற்றியிருக்கிறேன். அந்தக் கடையின் ராஜா வாடிக்கையாளர் யார் என்று ஒரு காலத்தில் கேட்டிருந்தால் சலீம் பாய் என்று சொல்லியிருப்பேன். எடைமேடைக்காரரிடம் பெயர் வாங்கிவிட்டால் போதும். வருகிற டிரைவர்களுக்கெல்லாம் அவரே நம்மைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

பிறகு மஞ்சு என்று இன்னொரு சர்வீஸ்காரன் வந்தான். பாய் அவன் பக்கம் போய்விட்டார்.

அன்று காலை பாயிடமிருந்து போன் வந்தபோது என் இதயம் டிவிஎஸ் வண்டி மாதிரி உதறியது. "மெஷின் ஆன் ஆவுது, அப்புறம் டக் டக்னு சத்தம், அதோட நின்னுக்குது குணா. மஞ்சுவுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எடுக்கல. கொஞ்சம் வர்றீங்களா?"

மஞ்சு எடுக்கவில்லை, அதனால் நீ வா. தன்மானம் உள்ளவன் என்ன சொல்ல வேண்டும்? வேலை இருக்கிறது பாய், சாயந்திரம் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். நான் போனைக் காதில் வைத்தபடியே வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

இன்றைக்கு இதைச் சரி பண்ணிவிட்டால் பாய் மறுபடி என் பக்கம். சரி பண்ணாவிட்டால் இந்த ரோட்டில் என் பெயரை எவனும் சொல்லமாட்டான். போகிற வழியெல்லாம் இந்த இரண்டையுமே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு போனேன்.

மஞ்சு என்கிற வயிற்றெரிச்சல்

மஞ்சு என்கிற மஞ்சுநாத் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரன். என் வயதுதான். ஆனால் என் தலையில் இருந்து போன முடியெல்லாம் அவன் தலைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது என் திடமான கருத்து.

அவனிடம் ஒரு பை உண்டு. சுருட்டியதைப் பிரித்தால் ஒவ்வொரு ஸ்குரூடிரைவருக்கும் ஒரு தனி உறை, சின்னதிலிருந்து பெரியது வரை. என் ஸ்குரூடிரைவர்கள் டிபன் பாக்ஸ் பைக்குள் சப்பாத்தியோடு பயணம் செய்பவை.

பெங்களூரில் பெரிய ஆபீஸ்கள் கழித்துப் போடுகிற கம்ப்யூட்டர்களை அவன் மொத்தமாக எடுத்துவந்து, துடைத்து, புதிது மாதிரி மினுக்கி விற்பான். பாயின் மெஷினும் அப்படி அவன் கொண்டுவந்து வைத்ததுதான். தமிழில் பேசுகிறவரிடம் தமிழ், தெலுங்குக்காரரிடம் தெலுங்கு, கன்னடக்காரரிடம் கன்னடம், பீகார்ப் பையன்களிடம் இந்தி. கன்னடத்தில் எனக்கு விலை கேட்கத் தெரியும். அவர்கள் சொல்கிற விலை புரியாது.

எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். டீயை மன்னிக்க முடியாது. பாய் கடைக்கு நான் போனால் பேப்பர் கப்பில் டீ வரும். மஞ்சு போனால் கண்ணாடி கிளாஸில் வரும், பக்கத்தில் பன்னும் வரும். இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள். எதிரே இருக்கிற பஞ்சர் கடையில் ஒருநாள் பஞ்சராகாத டயருக்கு நான் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்

எங்கள் பக்கத்து சர்வீஸ்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வேறு ஊர்களில் உண்டா என்று தெரியாது.

ஒருவன் ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டால், போகும்போது அதன் முதுகில் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவான். அடுத்தவன் வந்தால் அதைக் கிழித்துவிட்டுத் தன்னுடையதை ஒட்டுவான். ஓசூரில் சில பழைய கம்ப்யூட்டர்களின் முதுகைச் சுரண்டினால் எங்கள் எல்லோருடைய சரித்திரமும் அடுக்கடுக்காக வரும்.

ஸ்டிக்கரைக் கிழிக்கலாம். அதனால் இன்னொரு பூட்டும் போடுவோம். கம்ப்யூட்டர் கண்விழித்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்னால், அதன் அடிப்படை அமைப்புகளுக்கென்று ஒரு திரை உண்டு. பயாஸ் என்பார்கள். அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிட்டால் வேறு எவனும் பென் டிரைவ் சொருகிப் புது விண்டோஸ் போட முடியாது. வாடிக்கையாளரிடம் "வைரஸ் வராம இருக்கத்தான்" என்று சொல்வோம். அவர்களும் நம்புவார்கள். பக்கத்துக் கடைக்காரன்தான் அந்த வைரஸ்.

பாயின் கம்ப்யூட்டருக்கும் மஞ்சு பாஸ்வேர்ட் போட்டிருந்தான்.

பழைய ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்பது போனதுமே தெரிந்துவிட்டது. எடைமேடைத் தூசியும், லாரி ஏறும்போதெல்லாம் அறையே அதிருகிற அதிர்வும் சேர்ந்தால் எந்த டிஸ்க்தான் பிழைக்கும்? நல்லவேளை, அன்றன்றைய கணக்கு அன்றன்றே பாயின் மெயிலுக்குப் போய்விடும், எடைமேடை மென்பொருளும் தனியாக ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. புது டிஸ்க்கை மாட்டினேன். விண்டோஸ் இருந்த பென் டிரைவைச் சொருகினேன். திரை பாஸ்வேர்ட் கேட்டது.

"மஞ்சு ஏதாச்சும் கம்பெனிக்குள்ள இருப்பான். மத்தியானம் வெளிய வருவான், கூப்பிடுவான். கேட்டுக்கலாம்," என்றார் பாய்.

"அவன்கிட்ட கேக்கறதா? எதுக்கு பாய்? இதுக்கெல்லாம் நம்மகிட்ட வழி இருக்கு."

வழி இருக்கத்தான் இருந்தது. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி மாட்டினால் பல மெஷின்கள் பாஸ்வேர்டை மறந்துவிடும். சிலது மறக்காது. இது மறந்தது. பென் டிரைவிலிருந்து விண்டோஸ் எழுந்து வந்தபோது நான் பாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சிங்கத்தின் வாயில் கைவிட்டுப் பல்லைப் பிடுங்கியவன் பார்ப்பான், அப்படி.

அதற்கு அடுத்த திரைதான் அந்தக் காலிக் கட்டம்.

எல்லாவற்றின் மேலும் பழி

முதலில் கேபிள் மேல் சந்தேகப்பட்டேன். மாற்றினேன். கட்டம் காலி.

பவர் வயரை மாற்றினேன். காலி. டிஸ்க்கை வேறு சொருகியில் மாட்டினேன். காலி. பென் டிரைவில்தான் கோளாறு என்று முடிவுசெய்து பையில் இருந்த இன்னொன்றைப் போட்டேன். அதுவும் அதே காலிக் கட்டத்தைக் காட்டியது. டிஸ்க்கே டூப்ளிகேட் என்று அதை விற்ற கடைக்காரனை மனதுக்குள் திட்டினேன். பிறகு அதை என் லேப்டாப்பில் ஒரு வயர் வழியாக மாட்டிப் பார்த்தேன். அங்கே அது சமர்த்தாக, 'என்னையா தேடினீர்கள்?' என்று உட்கார்ந்திருந்தது.

டிஸ்க் நல்லது, கேபிள் நல்லது, பென் டிரைவ் நல்லது. அந்த அறையில் கெட்டுப்போயிருக்க வாய்ப்புள்ள பொருள் நான் ஒருவன்தான் பாக்கி.

எனக்கு ஒரு சுபாவம் உண்டு. பதற்றம் வந்தால் கை வேகமாக வேலை செய்யும், மூளை லீவு போட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் பிரமாதமாக உழைப்பது போலவே இருக்கும். ஒருமுறை ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பிளக்கையே போடாமல் கம்ப்யூட்டர் முழுவதையும் பிரித்துப் பரப்பி வைத்திருந்தேன். ஆடிட்டர் என் பின்னால் நின்று, "என்ன ஒரு சின்சியாரிட்டி," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவருகில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மத்தூரிலிருந்து பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிவந்த லாரிக்காரர். மாதையன் என்று பெயர்.

"என்னாங்ணா, ஆவுமா ஆவாதா? மாங்கா பூரா வண்டியிலயே பழுத்துக்கினு கெடக்குது. இன்னும் கொஞ்சம் லேட்டாச்சுன்னா ஜூஸாவே ஊத்திட்டுப் போயிடலாம்."

"ஆயிடும் ஆயிடும்."

"காலைலருந்து இதேதாங்ணா சொல்றீங்க."

பின்னாலிருந்து இன்னொருவர் கன்னடத்தில் என்னவோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. மஞ்சுவாக இருந்தால் புரிந்திருக்கும், பதிலுக்கு ஒன்று சொல்லி இன்னும் பெரிதாகச் சிரிக்க வைத்திருப்பான் என்று தோன்றியது. அந்த நெருக்கடியிலும் எனக்கு வயிறு எரிந்தது. நெருப்பு வைக்க நேரம் காலம் பார்க்காத வயிறு.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "குணா, தப்பா எடுத்துக்காதீங்க. முடியலைன்னா சொல்லிடுங்க. வண்டிங்களை வேற வேபிரிட்ஜுக்கு அனுப்பிடறேன். ஒருவாட்டி அங்க போயிட்டாங்கன்னா அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பயம் இருந்தது.

"ஒரு நிமிஷம் பாய். அவசரம், இதோ வந்துடறேன்," என்று சொல்லி, ஒன்றுக்குப் போகிறவன் போல வெளியே போய், மாதையனின் மாங்காய் லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று மஞ்சுவுக்குப் போன் அடித்தேன்.

எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். மாம்பழ வாசம் மூக்கைத் துளைக்க, மனைவியிடம் கோபித்துக்கொண்டு போய்விட்டுத் தானே போன் செய்கிற கணவனைப் போல அடித்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் உறங்கும் போன்கள்

அவன் ஏன் எடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனிக்குள் அன்று அவனுக்கு வேலை. அங்கே வாசலிலேயே போனை வாங்கி ஒரு பொந்துக்குள் போட்டுவிட்டு டோக்கன் கொடுப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் மறுபடி கையில் கிடைக்கும்.

எனக்கும் அந்தப் பொந்துகளோடு பழைய பழக்கம் உண்டு. கடை வைப்பதற்கு முன்னால் நானும் அப்படி ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவன்தான். ஒருநாள் என் மாமனார் முன்னறிவிப்பு இல்லாமல் ஊரிலிருந்து வந்து, வீடு பூட்டியிருக்க, சாவிக்காக எனக்குப் போன் செய்திருக்கிறார். போன் பொந்துக்குள் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து நான் போனபோது மனிதர் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "மாப்ளே ரொம்ப பெரிய வேலையிலிருக்காரு போல," என்று மட்டும் சொன்னார். அதில் பாராட்டு எவ்வளவு என்று இன்றுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆக, சாப்பாட்டு நேரம் வந்தது. மஞ்சு போனை வாங்கிப் பார்த்திருக்கிறான். பாயிடமிருந்து வந்த மிஸ்டு கால்களைவிட என்னிடமிருந்து வந்தவை அதிகம். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து முதலில் எனக்கே அடித்துவிட்டான்.

"சொல்லு செல்வி"

போன் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து திறந்த கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டிருந்தேன். பாய் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். கதவை அடைத்தபடி மாதையனும் இன்னும் இரண்டு டிரைவர்களும் நின்றார்கள். எழுந்து வெளியே போக இடமே இல்லை.

"யாரு, மஞ்சுவா?" என்று ஆசையாகக் கேட்டார் பாய்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் குரலில் இருந்த அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. போன் திரையை உள்ளங்கையால் மூடினேன்.

"வீட்லருந்து," என்றேன். காதில் வைத்தேன். "சொல்லு செல்வி."

செல்வி என் மனைவி.

"யாரு குரு, செல்வி?" என்றான் மஞ்சு. பெங்களூர்ப் பக்கத்தில் சிநேகிதன் எல்லோரும் 'குரு'தான். "நான் மஞ்சு."

"சாப்பிட்டியா செல்வி?"

"குரு, பகல்லயே குடிச்சிருக்கியா?"

"இல்லம்மா. சலீம் பாய் வேபிரிட்ஜ்ல இருக்கேன். பக்கத்துல எல்லாரும் இருக்காங்க. புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏத்தறேன், டிஸ்க் கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. அதான் சாப்பாட்டுக்கு லேட்டாவும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு ஆரம்பித்தது, அடிவயிற்றிலிருந்து. போனைக் காதோடு நசுக்கிக்கொண்டேன். சிரித்து முடித்துவிட்டு, குரலை மெல்லிசாக மாற்றி, "ஹேளி, ரீ!" என்றான். கன்னடப் பெண்கள் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொல்லுங்க, என்று அர்த்தம்.

அவனை அந்த இடத்திலேயே விவாகரத்து செய்திருப்பேன். ஆனால் அவனை விட்டால் வேறு வழியில்லை.

"பேட்டரி கழட்டினியா?" என்றான் சொந்தக் குரலில்.

"ஆமா செல்வி."

"எதுக்கு? பாஸ்வேர்ட் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே குரு."

"அதெல்லாம் உனக்குப் புரியாது செல்வி."

"பேட்டரி எடுத்தா பாஸ்வேர்ட் மட்டுமா போவும்? நான் வெச்சிருந்த செட்டிங் எல்லாமே போயிடுமில்ல. அது பெரிய ஆபீஸ் மெஷின். அதும் பாட்டுக்கு ரெய்டுக்குத் திரும்பிடுச்சு. பயாஸுக்குள்ள போ. ஸ்டோரேஜ்னு இருக்கும் பாரு."

பொட்டில் அடித்தது போல் இருந்தது. பெரிய ஆபீஸ்களுக்காகச் செய்த மெஷின்களில், பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டுகிற ரெய்டு என்ற முறை முதலிலேயே போட்டிருக்கும். அந்த முறையில் டிஸ்க் ஒரு திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். தனியாக ஒரு டிரைவர் மென்பொருளைக் கொடுத்தால் ஒழிய விண்டோஸ் அதைப் பார்க்காது. ஏ.ஹெச்.சி.ஐ. என்கிற சாதாரண முறைக்கு மாற்றிவிட்டால் அடுத்த நிமிடம் தெரியும். இது எனக்குத் தெரியாததா? என் கடைக்கு வந்த எத்தனையோ பேருக்கு நானே, காலை ஆட்டிக்கொண்டு, சொன்ன விஷயம். பேட்டரியைக் கழற்றிய பெருமையில், அதோடு வேறு என்னென்ன போயிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

மூளை லீவில் இருந்ததால், அவன் சொல்வதையெல்லாம் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்தேன்.

"ஸ்டோரேஜ்... ம், வந்துட்டேன் செல்வி. ரெய்டு ஆன்னு இருக்கு. அதை எடுத்துட்டு ஏ.ஹெச்.சி.ஐ. சரி. அப்ளை. பழைய டிஸ்க் கேபிள் மாட்டியிருந்தா கழட்டிடணுமா? ஆமா ஆமா, கழட்டிட்டேன். இல்லாட்டி பூட் ஃபைல் அதுல போய் உக்காந்துக்கும். கரெக்ட் செல்வி. சேவ் பண்ணி ரீஸ்டார்ட்."

பாய் பிடித்திருந்த டார்ச் மெல்ல கம்ப்யூட்டரை விட்டு விலகி என் முகத்துக்கு வந்தது. நான் கவனிக்கவில்லை. என் கண் திரையில் இருந்தது.

கட்டம் வந்தது. கட்டத்துக்குள் ஒரு வரி வந்தது. 'டிரைவ் 0, முழுக்க காலி இடம்': என் புது டிஸ்க்தான். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"வெச்சுடறேன் செல்வி," என்றேன்.

"ஊட்டா ஆய்த்தா, ரீ?" என்றான் அந்தப் பாவி, மெல்லிய குரலில். சாப்பாடு ஆச்சா என்று அக்கறையாக.

கண்ணாடி கிளாஸ்

அதன் பிறகு எல்லாம் தானாக நடந்தது. விண்டோஸ் ஏறியது, எடைமேடை மென்பொருள் ஏறியது, பிரிண்டர் உறுமியது. மாதையனின் லாரி மேடையில் ஏறி நின்றபோது பாய் பட்டனைத் தட்டினார். சீட்டு வெளியே வந்தது. டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

டீ வந்தது. கண்ணாடி கிளாஸில். பக்கத்தில் பன்.

நான் பன்னை டீயில் முக்கி, ஒரு பேரரசன் தன் நாட்டைப் பார்ப்பது போல ராயக்கோட்டை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாய்." இனி நீங்கதான் என்று சொல்லப் போகிறார். முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"தங்கச்சி என்ன படிச்சிருக்கு?"

"எந்தத் தங்கச்சி?"

"நம்ம செல்வித் தங்கச்சிதான். காலைலருந்து நீங்க மாத்தாத வயர் இல்ல. அது வீட்ல இருந்துக்கிட்டே, போன்லயே, ரெண்டு வார்த்தைல சரி பண்ணிடுச்சே!"

பன் டீக்குள் விழுந்தது.

மாதையன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சேர்ந்துகொண்டார். "எம் பொண்டாட்டிக்குப் போன் பண்ணா, எங்க இருக்கே, எப்ப வருவே, அவ்ளோதாங்ணா வரும். அண்ணிக்கு எப்டி தல உள்ள இவ்ளோ மேட்டரு? குடுத்து வெச்சவருங்ணா நீங்க." ஒரு பை நிறைய மாம்பழத்தை என் மடியில் வைத்தார். "இது அண்ணிக்கு. நீங்க தொடக் கூடாது."

"பி.காம்.," என்றேன் பலவீனமாக.

"பி.காம். படிச்சிட்டே இப்டியா!" என்றார் பாய். "குணா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே மஞ்சுவும் வேணாம், யாரும் வேணாம். தங்கச்சி நம்பரைக் குடுத்துடுங்க. ஏதாச்சும்னா நேரா அதுகிட்டயே கேட்டுக்கறேன். கையால மாட்டற வேலை இருந்தா நீங்க வாங்க."

என் நிலைமையை வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பேசியது செல்வி இல்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கேட்பார். மஞ்சு என்று சொன்னால் எடைமேடை மறுபடி அவனுக்கே போய்விடும், அதுவும் நிரந்தரமாக. செல்வி என்றே விட்டுவிட்டால் எடைமேடை என் வீட்டுக்குத்தான் வரும். எனக்கு வராது.

இதற்கு முன்னால் நான் பலரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் நிஜத்தில் இருந்தவர்கள். ரெய்டையும் ஏ.ஹெச்.சி.ஐ.யையும் கரைத்துக் குடித்த செல்வி என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. அவளை உண்டாக்கியதே நான்தான். அவளைப் பார்த்து எனக்கு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, மஞ்சுகூடக் கிளப்பாத எரிச்சல்.

"எழுதிக்குங்க பாய்," என்று செல்வியின் நம்பரைச் சொன்னேன்.

வீட்டில் ஒரு நிபுணர்

வீட்டுக்குள் நுழையும்போதே செல்வி போனில் இருந்தாள்.

"பரவால்லீங்க பாய்... அட, இதுக்கெல்லாம் எதுக்குங்க நன்றி, நம்ம வேலதானுங்களே... ஆமாங்க, அவருக்குக் கொஞ்சம் பதட்டம் ஜாஸ்திதான்... எப்ப வேணாலும் கூப்பிடுங்க பாய்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இன்னிக்கி எதையோ சரி பண்ணிட்டேனாம். என்னத்தைங்க சரி பண்ணேன்?"

தெரியாமலேயே அவ்வளவு பாராட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்! அந்தத் துணிச்சலில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் சிப்காட்டையே வாங்கியிருப்பேன்.

சொன்னேன். பேட்டரியிலிருந்து ஆரம்பித்து, லாரிக்குப் பின்னால் ஒளிந்தது, சொல்லு செல்வி, எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சு குரல் மாற்றிப் பேசியதைச் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருடமாக நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அப்படிச் சிரித்ததில்லை. அதையும் மஞ்சு கணக்கில்தான் எழுத வேண்டியிருந்தது.

சிரித்து ஓய்ந்து, மாம்பழம் ஒன்றை எடுத்து அலம்பிக் கடித்தாள்.

"சரி, அந்த மஞ்சு நம்பரைக் குடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கே பாய் கூப்பிட்டா நான் யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளு! வீட்லயேதானே இருக்கேன்!"

செல்வி பழத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீங்க யாரைக் கேட்டீங்க?"

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. அதற்குள் அவள் டயல் செய்து போனைக் காதில் வைத்துவிட்டாள்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.